ஒரு டென்ட், பத்துக் குடம்

ஏழு வருடமாக நான் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. கல்யாணத்துக்குப் போவேன், சாவுக்குப் போவேன், எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கே பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கைப்பம்புதான் காரணம்.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருப்பது எட்டு போர்ஷன் உள்ள பழைய வீடு. கீழே நாலு, மாடியில் நாலு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெட்ரோ தண்ணீர் வரும். காலை ஐந்தரைக்கு வந்தால் ஏழு மணிக்குள் நின்றுவிடும். எட்டு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே ஒரு பம்பு. அதற்குச் சட்டம் உண்டு. ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு ஐந்து குடம். எட்டு வீடும் முடிந்தபிறகு இரண்டாவது சுற்று. கூப்பிடும்போது அந்த வீட்டு ஆள் பம்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். விட்டவர்கள் கடைசியில் மிச்சம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்காக இன்னொரு வீட்டு ஆள் அடிக்கக் கூடாது. உதவி செய்கிறேன் என்று ஒருத்தி பக்கத்து வீட்டுக் குடத்தோடு தன் குடத்தையும் நிரப்பிக்கொண்டு, அது மண்டை உடைகிற சண்டையாகி, அதற்கப்புறம் வந்த சட்டம் இது. கீழே முதல் போர்ஷனில் இருக்கும் அக்காதான் முறை கூப்பிடுவார். அவரிடம் யார் பேச்சும் எடுபடாது. எங்கள் வீடு ஆறாவது.

ஆறாவது வீட்டுக்கு நிற்பது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. அங்கே நாள் முழுக்க இரும்பு தூக்குவார். வீட்டில் குடத்தைத் தூக்கினால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாங்கள் இங்கே குடிவந்த முதல் வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று நான் பம்புக்கு இறங்கினேன். ஏழு வருடமாகியும் அந்தக் காய்ச்சல் விடவில்லை. மகள் காலேஜ் முதல் வருடம். அவளை நான் பம்புக்கு அனுப்பியதில்லை, அனுப்பவும் மாட்டேன். ஒரு நாள் அவள் கை அதில் பட்டுவிட்டால் அப்புறம் அது அவள் வேலை ஆகிவிடும்.

எனக்கு அடையாறில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை. புகார் மேசை. சிலிண்டர் வரவில்லை, வந்தது கசிகிறது, கொண்டுவந்தவன் முறைத்தான் என்று காலையிலிருந்து திட்டு வாங்க வேண்டும், திருப்பித் திட்டக் கூடாது. திட்டுவதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வருவேன். கியர் கிடையாது. முன்னால் கூடை, பின்னால் கேரியர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் சைக்கிள் ஓட்டிப் போகிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கேள்விப்பட்டு ஒருமுறை போனேன். எல்லாரும் இறுக்கமான கால்சட்டை, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. என் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒருவர், "ஆன்ட்டி, நீங்க மெதுவா வாங்க, பிரச்சினையே இல்ல" என்றார். பிரச்சினை இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? அடையாறு பாலம் ஏறும்போது அவர்கள் யாரும் கண்ணில் இல்லை. என்னோடு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண். அவளுடையதும் கூடை வைத்த சைக்கிள்தான்.

திசையன்விளைப் பக்கத்துப் பெண் அவள். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள், உட்கார விடமாட்டார்கள். கடை ஹாஸ்டலில் தங்கல். வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரைக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். அந்தக் கூட்டத்தார் சில சமயம் டென்ட் எடுத்துக்கொண்டு போய் ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

"நம்மளையெல்லாம் கூப்பிட மாட்டாவக்கா" என்றாள்.

"அவங்க இன்னா கூப்டறது. நம்மளே போலாம்" என்றேன்.

சொல்லும்போது பம்பு ஞாபகத்தில் இல்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அது வந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். நான் சொல்லிவிட்டுப் பின்வாங்குகிற ஆள் இல்லை.

இடம் சுலபமாகக் கிடைத்தது. எங்கள் ஏஜென்சியில் சிலிண்டர் போடும் ஒரு தம்பிக்குக் கோவளம் தாண்டி மச்சான் இருக்கிறார். "சவுக்குத்தோப்பு கீதுக்கா. அவன் பொண்டாட்டி புள்ளைங்களோட அங்கியேதான் கீறான். டென்ட்டு இன்னா, கல்யாண மண்டபமே கட்டிக்கோ. கெணறு கீது, தண்ணி எளநி மாரி இருக்கும்" என்றார். என் வீட்டிலிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர். ஒரு மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர. அவ்வளவுதான் கணக்கு.

நாள்தான் சிக்கல். அவளுக்குச் செவ்வாய் மட்டும்தான் லீவு. ஆடி பிறந்துவிட்டால் தள்ளுபடி விற்பனை, அந்த லீவும் கிடையாது. அது முடிந்தால் தீபாவளிக் கூட்டம், அப்புறம் பொங்கல். கடைப் பெண்களுக்கு வருடம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனி முடிய மூன்று செவ்வாய் இருந்தது. எனக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். காலண்டரை எடுத்துத் தண்ணீர் நாளையெல்லாம் வட்டம் போட்டேன். முதல் செவ்வாய் ராத்திரி போனால் புதன் காலை தண்ணீர், ஆகாது. அடுத்தது, செவ்வாய் காலையே தண்ணீர், புதன் கிடையாது. பிடித்து வைத்துவிட்டு மதியம் கிளம்பலாம். மூன்றாவது செவ்வாய் மறுபடியும் ஆகாது. ஆக, ஒரே ஒரு ராத்திரி. அதை விட்டால் அடுத்த வருடம் ஆகும்.

ஹாஸ்டலில் ராத்திரி வெளியே தங்க வேண்டுமென்றால் சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு அக்கா என்று சொல்லிக்கொண்டு நான் போனேன். வார்டன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பேசறது மெட்ராஸ். இவ தின்னவேலி. எப்படி அக்கா தங்கச்சி?"

"என்ன சின்ன வயசுலயே இங்க கட்டிக் குடுத்துட்டாங்க" என்றேன்.

"ஊர்ப்பேச்சு ஒண்ணுகூட ஒட்டலையே."

"என் வூட்டுக்காரர் வாயத் தொறக்கவே வுடல. எங்கேந்து ஒட்டும்?"

பக்கத்தில் நின்ற அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வார்டன் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவளுக்குப் பெரியம்மா மகள்.

டென்ட்டை ஆன்லைனில் வாங்கினோம். இரண்டு பேர் படுக்கும் அளவு, நீல நிறம். வந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது, கதவு சுவர் பக்கமாக வந்துவிட்டது. துணி காயவைக்க வந்த முதல் போர்ஷன் அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னா இது, கொசுவலையா?"

"டென்ட்டு. உள்ள படுக்கறதுக்கு."

"வூடு கீதுல்ல உனக்கு?"

"கீது. அதான் வெளிய படுக்கப் போறேன்."

"நல்லா கீது போ" என்று ஜாக்கெட்டுகளை உதறிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் போட்டுவிட்டோம். அவளுக்குப் புடவை மடித்துப் பழகிய கை. கம்பிகளை இழுத்துப் பிடிப்பது என் வேலை, துணியைச் சுருக்கம் இல்லாமல் மடித்துப் பைக்குள் திணிப்பது அவள் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, சாமானெல்லாம் ஏற்றித் திருவான்மியூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் ஐந்து லிட்டர் கேன் மூன்று நிரப்பிவைத்திருந்தேன். கேரியருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கூடையில் ஒன்று. அதற்கு மேல் டென்ட், போர்வை, பாத்திரம். அவள் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யக்கா, இம்புட்டுத் தண்ணி எதுக்கு? அங்கதான் கெணறு இருக்குன்னு அந்தண்ணன் சொன்னாவல்லா?"

"கெணறு இருக்கும். தண்ணி இருக்கணுமில்ல."

"கெணத்துல தண்ணி இல்லாம சாம்பாரா இருக்கும்?"

எங்கள் பம்பை நம்பிக் குடியிருக்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். இன்னொருவர் இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நாங்கள் நம்புவதில்லை. பக்கத்துத் தெருவில் விருந்துக்குப் போனாலும் பையில் ஒரு பாட்டில் இருக்கும்.

அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் கேரியர் ஆட ஆரம்பித்தது. நான் எழுந்து நின்று மிதித்தேன். படக்கென்று ஒரு சத்தம். கேரியரின் திருகாணி அறுந்து எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். ஒரு கேன் ரோட்டில் உருண்டு வாய் பிளந்தது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாமா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார்.

"நீ சொல்லிட்டு வந்தியாயா? பாத்து ஓட்டு" என்றேன். தப்பு என் பக்கம்தான், இருந்தாலும் சொன்னேன்.

முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று காலை நானே அடித்துப் பிடித்த ஐந்து லிட்டர் தார் ரோட்டில் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சைக்கிளைத் தூக்கி நிறுத்திவிட்டு, மிச்ச இரண்டு கேனையும் என்னைக் கேட்காமலே பிளாட்பாரத்துச் செடிக்கு ஊற்றினாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. ஆனால் வெறும் கேனோடு பாலம் ஏறியபோது சைக்கிள் ஒழுங்காகப் போனது. கேரியருக்குப் புதுத் திருகாணி போட்டேன். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும் என்று முடிவானது.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது முதல் போர்ஷன் அக்கா சொன்னார்.

"மெய்ன் பைப்பு ஒடைஞ்சிகிச்சாம். நாளைக்குத் தண்ணி இல்ல. புதங்கெழம காத்தால வுடறாங்களாம்."

நான் காலண்டரில் போட்ட வட்டமெல்லாம் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. புதன்கிழமை ஐந்தரைக்கு நான் கோவளம் தாண்டி இருப்பேன்.

"உம் பொண்ணு கீறா இல்ல?" என்றார் அக்கா.

"அது வராது."

"அப்ப?"

"அவரு வருவாரு."

அக்கா சிரித்த சிரிப்பில் மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். "வரட்டும். கூப்ட்றப்போ ஆள் இல்லன்னா ஏழாவது வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அப்பால வந்து என்னத் திட்டாத."

"திட்ட மாட்டேன்" என்றேன்.

மேலே போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப உன் டூரு கேன்சலா?" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் என்னைப் பற்றவைத்தது.

"இன்னாத்துக்கு கேன்சலு? நீ புடி."

"நானா? இடுப்பு..."

"பட்டறைக்குப் போறப்போ இடுப்பக் கயட்டி வெச்சிட்டா போற?"

"ரெண்டு பொம்பளைங்க தோப்புல படுத்துக்கினு கெடந்தா நாலு பேரு இன்னா சொல்வான்?"

"அந்த நாலு பேரும் வந்து பத்துக் கொடம் புடிச்சிக் குடுக்கட்டும். அப்பால அவங்க சொல்றத கேக்கறேன்."

மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். "மா, நான் புடிக்கிறேன். நீ போய்ட்டு வா."

"நீ புடிச்சா நான் போவ மாட்டேன்."

"ஏம்மா? ஒரு நாள்தான."

"நானும் ஒரு நாள்னுதான் எறங்கினேன்."

அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. விட்டால் இறங்கிவிடுவாள் என்று தெரிந்தது. அதற்கும் ஒரு வழி பண்ணினேன். செவ்வாய் காலை காலேஜுக்குக் கிளம்பும்போதே அவள் பையில் மாற்றுத்துணி வைத்து, சாயங்காலம் நேரே திருவல்லிக்கேணியில் என் தங்கை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். வீட்டில் அவர் ஒருவர் மட்டும். டிரம்மில் அடியில் கொஞ்சம் தண்ணீர். சண்டை போட ஆளும் கிடையாது. பத்துக் குடத்தையும் கவிழ்த்து வரிசையாகக் கதவோரம் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே பட்டறைக்குப் போனார்.

பயமாக இருந்ததா என்றால், இல்லை. தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் நாறினால் எல்லாரும் சேர்ந்து நாறுவோம். நான் ஒருத்தி மட்டும் எழுந்திருப்பதற்கு அது தேவலை. இதை நான் சைக்கிளில் உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு அடையாறில் அவள் காத்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் ஏறியதும் கார்க்காரர்கள் எங்களை ஓரத்து மணலுக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். முட்டுக்காட்டில் நிறுத்தி நுங்கு தின்றோம். ஐந்தரைக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நான் போட்ட கணக்குக்கு அரை மணிதான் கூட. மச்சானின் மனைவி வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். ஒரு செம்பு குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. இன்னொரு செம்பு குடித்தேன். அவள் என் பையிலிருந்து நான் ஒளித்து எடுத்துவந்த மூன்றாவது பாட்டிலை வெளியே எடுத்து, என் முன்னால் மண்ணில் நட்டு வைத்தாள்.

பத்து நிமிடத்தில் டென்ட் போட்டோம். சோறு அவர்கள் வீட்டிலேயே கொடுத்தார்கள். எட்டரைக்கெல்லாம் தூங்கிவிட்டோம். பகல் முழுக்க நிற்கிறவளுக்கும், பகல் முழுக்கத் திட்டு வாங்குகிறவளுக்கும் கதை பேசத் தெம்பு கிடையாது.

விடியற்காலை எழுந்து டென்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். வெளுத்துக்கொண்டு வந்தது. ஐந்து ஐம்பதுக்கு என் போன் அடித்தது. அவர்தான்.

"இன்னா?"

"ஏம்மே, நம்ம வூடு எத்தினியாவது?"

பின்னால் பம்பு அடிக்கும் சத்தம், குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். "இன்னா நைனா, வழி தப்பி வந்துகீறியா?" என்று முதல் போர்ஷன் அக்காவின் குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஏழு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்த மனிதருக்குத் தன் வீட்டு முறை தெரியவில்லை. ஆறு என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. நான் சொல்லவில்லை.

"எதிர்ல நிக்கிறாங்க இல்ல, அவங்கள கேளு."

"அவங்க சிரிக்கிறாங்கமே."

"சிரிச்சிட்டுச் சொல்லுவாங்க. கேளு" என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் கம்பியை மடித்துக்கொண்டே, "அண்ணனா? என்ன கேக்காவ?" என்றாள்.

"அட்ரஸ்."

"யாரு அட்ரஸ்?"

"அவரு வூட்டு அட்ரஸ்."

அவளுக்குப் புரியவில்லை. மிதிக்கும்போது சொன்னேன். கோவளம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒன்பது இருபதுக்குக் கடை வாசலில் அவளை விட்டேன். நான் அடையாறு போய்ப் புகார் மேசையில் உட்கார்ந்தேன். முதல் போனில் ஒருவர் கத்தினார். நன்றாகக் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏழு குடம். முதல் சுற்றில் ஐந்தைப் பிடித்துத் தளும்பத் தளும்ப மாடிக்குத் தூக்கியிருக்கிறார். படியெல்லாம் வழிந்து, ஏழாவது போர்ஷன்காரர் வழுக்கி விழப் பார்த்தாராம். இரண்டாவது சுற்றில் இரண்டு குடத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது. அதை அவர் தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்த மகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டால் கப்பலைக் கரை சேர்த்த மாதிரி இருந்தது. நான் பாராட்டவில்லை. என்னை யாரும் பாராட்டியதில்லை. ஏழு குடத்தில் இரண்டு நாள் ஓட்டினோம். அவருடைய பட்டறைத் துணி மட்டும் ஊறப்போடாமல் எண்ணெய் நாற்றத்தோடு மூலையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் நாள். எனக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்காமல் படுத்திருந்தேன். அவரும் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிந்தது. கீழே ஒவ்வொரு வீடாக முடிந்துகொண்டு வந்தது. ஐந்தாவது வீட்டுக் குடம் படியேறும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"ஆறாவது வூடு."

இரண்டு பேருமே அசையவில்லை. அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்.

அவர் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். இரண்டு கையிலும் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார்.

"ரெண்டாவது சுத்துக்கு நீ வருவல்ல?"

"வரேன். நீ மொதல்ல போ" என்றேன்.